புனித பூமிக்குப் புறப்படுவோர் கவனத்திற்கு

பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றி நம் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் அயல்நாட்டு மண்ணில் கால்வைத்துத் திருப்பலி காணக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுவே கச்சத்தீவிலுள்ள புனித அந்தோணியார் ஆலயம். 1974-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே அத்தீவுக்குச் சென்று வரலாம் என்றும், அதற்கெனப் பயண ஆவணங்களோ விசாவோ அவர்களிடம் கோரப்படமாட்டா என்றும் கூறுகின்றது. ஆண்டுத் திருவிழாவிற்குச் செல்வோர் அடையாள அட்டையைக் காட்டிப் பட்டியலில் பெயர் பதிந்துகொண்டு இராமேசுவரத்தில் படகேறுகின்றனர், அவ்வளவே.

இவ்விதிவிலக்கு கச்சத்தீவோடு நின்றுவிடுகிறது. யெருசலேமுக்கோ, உரோமைக்கோ, பாத்திமாவுக்கோ செல்ல விழைவோர் அத்தகைய சலுகையை எங்கும் எதிர்பார்க்க இயலாது. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடப்பட்டு, போனசுப் பணம் கைக்கு வந்திருக்கும் நாட்களில், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதி மக்கள் பங்குத் தந்தையரின் இல்லங்களுக்கு வந்து, "சாமி, இந்த வருசமாவது எருசலேம் போய்வந்துடணும்" என்று கூறுவதை நாம் கேட்டு வருகிறோம். ஐந்தாறு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. குழாய் சுற்றியும், திரி வெட்டியும், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கியும் ஈட்டிய பணம். அது விமான நிலையத்தின் ஒரு மேசையருகே, ஒரு பெயரின் ஓர் எழுத்துப் பிழையால் வீணாகிவிடக் கூடும் என்பதை எண்ணுவோர் மிகச் சிலரே. திருப்பயணத்திற்கு வேண்டிய ஆன்ம தயாரிப்பைப் பற்றி இவ்விதழில் பலமுறை எழுதப்பட்டுள்ளது. ஆவணங்களைப் பற்றியோ, "அதையெல்லாம் ஏஜெண்டு பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். ஏஜெண்டு பார்த்துக்கொள்வார் என்பது உண்மையே. ஆனால் எல்லைக் காவலர் முன் நிற்பவர் ஏஜெண்டு அல்லர்.

உலகக் காரியம் இது, ஞானக் காரியமன்று என்று எவரும் நினைத்தல் வேண்டா. நெகேமியா ஆகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யெருசலேமின் மதில்களைக் கட்டப் புறப்பட்ட அப்பெருமகன் முதலில் மன்றாடினார். அடுத்து, அர்த்தக்சஸ்தா மன்னனிடம், நதிக்கு அப்பாலுள்ள ஆளுநர்கள் தம்மைக் கடந்துசெல்ல விடுமாறு மடல்கள் கேட்டு வாங்கினார். வழியில் எத்தனை ஆளுநர்களின் எல்லைகள் குறுக்கிடும் என்பதை முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தார் என்றல்லவா இதற்குப் பொருள்! நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கிலிருந்து சீனாய் மலைக்கும் யெருசலேமுக்கும் பயணம் செய்து குறிப்பெழுதி வைத்த எஜீரியா என்னும் பெண்மணியும், ஆபத்தான வழித்தடங்களில் உரோமைப் படைவீரரின் துணையோடுதான் சென்றார்.

திருத்தந்தையருக்கும் எல்லைகள் உண்டு. 1964-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் ஆறாம் பவுல் புனித பூமிக்குச் சென்றபோது, யெருசலேமின் பழைய நகர் யோர்தான் நாட்டின் ஆட்சியில் இருந்தது. நாசரேத்தும் கலிலேயாவும் இஸ்ரயேலின் ஆட்சியில் இருந்தன. அவர் அம்மானில் விமானமிறங்கி, யெருசலேமுக்குச் சென்று, மறுநாள் மெகிதோ அருகே எல்லை கடந்து இஸ்ரயேலுக்குள் நுழைந்தார். அன்றிரவே மண்டல்பாம் வாயில் வழியாகப் பழைய நகருக்குத் திரும்பினார். எந்த இடத்தில் எந்த நாட்டுத் தலைவர் அவரை வரவேற்பது, எதைப் பேசுவது, எதைப் பேசாதிருப்பது என்பவை அனைத்தும் நுணுகி ஆராயப்பட்ட பயணம் அது. 1979-இல் எகிப்தும் 1994-இல் யோர்தானும் இஸ்ரயேலோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே, இன்று நம் மக்கள் செல்லும் மூன்று நாட்டுச் சுற்றுப்பயணம் எளிதாகக் கைகூடலாயிற்று. இந்தியாவும் இஸ்ரயேலும் முழுமையான தூதரக உறவை நிறுவியது 1992 சனவரியில்தான்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரது முதலெழுத்தே உண்டு. இது நமக்குப் பெருமையே. ஆனால் பாஸ்போர்ட்டு விண்ணப்பமோ பெயரை இரண்டாகப் பகுத்துக் கேட்கிறது; தலைப்பெழுத்தை ஏற்பதில்லை, அதை விரித்தெழுதச் சொல்கிறது. பலர் இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். "மரியம்மாள்" என்ற ஒரே பெயரோடு பாஸ்போர்ட்டு வந்துவிடுகிறது. இதனால் என்ன என்று கேட்கலாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என அறிவித்தது. தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் பிற்பக்கத்தில் இருப்பின் அது ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. நம் ஊர்ப் பயணிகளில் பலர் வளைகுடா வழியாகவே அம்மானுக்கும் கெய்ரோவுக்கும் செல்கின்றனர் என்பதை நினைவில் கொள்க. புதிதாக விண்ணப்பிப்போர் இரண்டாம் கட்டத்தில் தந்தையின் பெயரையோ கணவரின் பெயரையோ முழுமையாக எழுதிவிடுவதே நலம்.

அதனினும் பெரிய சிக்கல் ஒன்று நம் பகுதிக்கே உரியது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயர், ஆதார் அட்டையில் மூன்றாவது பெயர்! அந்தோணி என்பதை ஆங்கிலத்தில் ஹெச் என்னும் எழுத்தைச் சேர்த்தும் எழுதுகின்றனர், சேர்க்காமலும் எழுதுகின்றனர். சூசை, ஞானப்பிரகாசம் ஆகிய பெயர்களின் நிலைமையை விரிக்க வேண்டியதில்லை. இவை கவனக்குறைவால் விளைபவை, திருத்தக்கூடியவை. வேறொரு வகையும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டுமே உரியனவாக்கிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. ஆகவே பிள்ளைகளின் கல்வியைக் காக்கும்பொருட்டு, ஆலயத்தில் ஒரு பெயரும் அலுவலகத்தில் மற்றொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களை நாம் குறைகூறத் துணியோம். குறை வேறெங்கோ இருக்கிறது. அவர்கள் அறிய வேண்டுவது இதுவே: பாஸ்போர்ட்டில் சமயமோ சாதியோ அச்சிடப்படுவதில்லை. பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ள பெயரிலேயே பாஸ்போர்ட்டு எடுத்து, அதே பெயரிலேயே விமானச் சீட்டும் விசாவும் பெற்றுச் செல்வதில் தடை எதுவுமில்லை. "ஞானஸ்நானப் பெயரில் போனால்தானே புண்ணியம்" என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். கல்லறைத் திருக்கோவிலின் வாயிலில் யாரும் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை என்று கூறி அவரது ஐயத்தைத் தீர்த்தோம்.

ஞானஸ்நானச் சான்றிதழ் திருமணத்திற்கும் திருச்சபைக் காரியங்களுக்கும் உரியது. பாஸ்போர்ட்டுக்கு அதைக் கொண்டு சென்று பயனில்லை. 2023 அக்டோபர் முதல் தேதியிலும் அதன் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படுகிறது. அதற்கு முன் பிறந்தோர் பள்ளிச் சான்றிதழ் முதலிய வேறு சில ஆவணங்களையும் காட்டலாம். பாஸ்போர்ட்டுக்காகத் திருச்சிக்கு அலைந்த காலம் போயிற்று. மதுரையிலேயே 2007 முதல் அலுவலகம் உள்ளது. சாதாரண முறையில் பெரியவர்களுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். இதைவிடப் பன்மடங்கு தொகையை இடைத்தரகர் வாங்குவதாகக் கேள்வியுறுகிறோம். படிவத்தை நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றனர்; அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாகாதா?

பழைய பாஸ்போர்ட்டு வைத்திருப்போர் அது காலாவதியாகும் நாளைப் பார்க்க வேண்டும். பயணம் முடிந்தபின் குறைந்தது ஆறு மாதங்களேனும் அது செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது பல நாடுகளின் பொது விதி. மூன்று நாடுகளின் முத்திரைகளுக்கும் இடமிருக்குமாறு வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள்

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் நம் பகுதியில் தொழிலாளர் பலர், குறிப்பாக நாற்பது வயதைக் கடந்த பெண்கள், பள்ளியை இடையில் விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றவர்கள். (ஆலையை ஆபீசு என்று அழைப்பது இவ்வூர் வழக்கம்; வெளியூர் வாசகர் மயங்க வேண்டா.) பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இடம்பெறும். குடிபெயர்வுச் சோதனை தேவை என்பது அதன் பொருள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, படிப்பறிவு குறைந்த தொழிலாளர் வெளிநாட்டில் ஏமாற்றப்படாதவாறு காக்கும் நோக்கத்தோடு ஏற்பட்ட ஏற்பாடு இது. வேலைக்குச் செல்வோர் சில குறிப்பிட்ட நாடுகளுக்குப் புறப்படுமுன் அரசின் அனுமதி பெற வேண்டும். அந்நாடுகளின் பட்டியலில் யோர்தானும் ஐக்கிய அரபு நாடுகளும் உள்ளன. இஸ்ரயேலும் எகிப்தும் இல்லை.

திருப்பயணிகள் வேலைக்குச் செல்பவரல்லர். 2007 அக்டோபர் முதல், வேலையல்லாத பிற காரணங்களுக்காகச் செல்லும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்காரர்கள், செல்லத்தக்க விசாவும் திரும்பி வரும் விமானச் சீட்டும் காட்டினால் போதுமானது. அனுமதி வாங்கவேண்டுவதில்லை. இதை அறியாத சில ஏஜெண்டுகள், அல்லது அறிந்தும் அறியாதவர் போல் நடிப்பவர்கள், ஈ.சி.ஆர். குறிப்பை நீக்குவதாகக் கூறித் தனிக் கட்டணம் வசூலிக்கின்றனர். திரும்பும் சீட்டின் அச்சுப்படியைக் கையிலேயே வைத்திருங்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மேசையருகே திகைத்து நிற்க வேண்டா. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது, வயதைக் காரணமாகக் காட்டியே அக்குறிப்பு இல்லாமல் பெறலாம்.

எந்த எல்லை, எத்தனை முறை?

ஒரு நாட்டிற்குச் செல்லும் பயணத்திற்கும் மூன்று நாடுகளைச் சுற்றும் பயணத்திற்கும் உள்ள வேறுபாடு, விசாவின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, வரிசையிலும் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு குழு கெய்ரோவில் இறங்கி, சீனாய் மலையைக் கண்டு, தாபா எல்லை வழியாக இஸ்ரயேலுக்குள் சென்று, பெத்லகேமையும் யெருசலேமையும் தரிசித்து, பாலம் கடந்து யோர்தான் சென்று, அம்மானிலிருந்து நாடு திரும்புகிறது. ஒவ்வொரு நாட்டிற்குள்ளும் ஒரே முறை நுழைவதால், ஒருமுறை நுழைவு விசா போதும். வேறொரு குழு, சீட்டின் விலை குறைவு என்பதால் கெய்ரோவிலிருந்தே திரும்புகிறது. அக்குழு எகிப்துக்குள் இருமுறை நுழைகிறது. முதல்முறை வெளியேறியதுமே அதன் ஒருமுறை விசா முடிவுற்றது. தாபாவின் வெயிலில் நாற்பது பேர் பேருந்தருகே நிற்க நேரிடும். சீட்டில் மிச்சமான சில ஆயிரங்கள் அங்கே கரைந்துவிடும். ஆகையால் பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டிற்குள்ளும் எத்தனை முறை நுழைகிறோம் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இது ஏஜெண்டின் கணக்கு அல்ல, நமது கணக்கு.

யோர்தானுக்கும் யெருசலேமுக்கும் இடையிலுள்ள பாலத்திற்கு இரு பெயர்கள். யோர்தானியர் அரசர் உசேன் பாலம் என்பர். இஸ்ரயேலர் அலன்பி பாலம் என்பர். இரண்டும் ஒன்றே. பயணத் திட்டத்தில் இரு பெயர்களும் வந்தால் இரண்டு பாலங்கள் என எண்ணிக் குழம்ப வேண்டா. அங்கு யோர்தான் விசா கையோடு வழங்கப்படுவதில்லை. முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். ஆயினும் யோர்தானிலிருந்து அப்பாலம் வழியே சென்று, விசாவின் காலம் முடியுமுன் அதே பாலம் வழியே திரும்புவோருக்கு, முதலில் பெற்ற ஒருமுறை விசாவே செல்லும் என்பது நெடுநாளைய வழக்கம். வடக்கிலுள்ள சேக் உசேன் எல்லைக்கும் தெற்கிலுள்ள எல்லைக்கும் இவ்வழக்கம் பொருந்தாது. வெள்ளி, சனிக் கிழமைகளில் பாலம் முன்னதாகவே மூடப்படும். அரசியல் கொந்தளிப்பால் எதிர்பாராமல் மூடப்படுவதும் உண்டு. ஆகவே பாலம் கடக்கும் நாளில் வேறு எதையும் திட்டமிடாதிருப்பதே அறிவுடைமை.

பெத்லகேம் பாலஸ்தீன ஆட்சிக்கு உட்பட்டது. அங்குச் செல்லத் தனி விசா இல்லை; சோதனைச் சாவடி உண்டு. தங்குமிடத்திலேயே பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு மாட்டுக்குடிலைக் காண ஓடியவர்கள், திரும்பும் வழியில் அவதியுற்றதுண்டு.

முன்பெல்லாம் இஸ்ரயேலின் முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்தால், பின்னர்ச் சில அரபு நாடுகளுக்குள் நுழைய இயலாதுபோகும் என்ற அச்சம் இருந்தது. குவைத்தில் பணிபுரியும் நம் இளைஞருக்கு இது சிறு கவலையன்று. 2013 முதல் இஸ்ரயேல் பாஸ்போர்ட்டில் முத்திரையிடுவதில்லை. ஒரு நீலத் துண்டுச் சீட்டை மட்டும் தருகிறது. நாட்டைவிட்டு வெளியேறும்வரை அத்துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் தாபாவில் எகிப்தியர் இடும் முத்திரை, அதைக் கடந்தவர் எங்குச் சென்றார் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடும்! வளைகுடாவில் பணிபுரிவோர் இதை எண்ணிப் பார்த்து வழியைத் தேர்ந்துகொள்க. இந்தியருக்கு இஸ்ரயேலின் மின்னணு விசா 2025 முதல் கிடைக்கிறது. அச்சிட்ட படி ஒன்று கையில் இருப்பது நன்று.

உரோமையும் லூர்துவும் பாத்திமாவும்

இவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். இத்தாலி, பிரான்சு, போர்த்துக்கல் உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகள் செங்கன் என்னும் ஒரே விசாவால் இணைந்துள்ளன. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டிடம். பெரியவர்க்குக் கட்டணம் 2024 சூன் முதல் 90 யூரோ. முப்பதாயிரம் யூரோ அளவிற்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். மெட்ஜூகோரியே செல்ல விழைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வூர் உள்ள பொசுனியா செங்கன் நாடன்று. குரோவேசியாவோ 2023 சனவரி முதல் செங்கன் நாடு. ஆகவே உரோமையிலிருந்து அங்குச் சென்று மீண்டும் ஐரோப்பா வழியே திரும்ப, பலமுறை நுழையும் விசா இன்றியமையாதது. இலண்டனைச் சேர்த்துக்கொள்வோருக்கும் அவ்வாறே. அங்குத் தனி விசாவும் வேண்டும்.

இவ்விசாவிற்குப் பத்து விரல்களின் ரேகைகளையும் பதிய வேண்டும். நம் மக்களின் கைகளை நாம் அறிவோம். மருந்தும் பசையும் அலுமினியத் தூளும் ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, ரேகை மழுங்கிய விரல்கள். தீப்புண்ணின் தழும்பேறிய உள்ளங்கைகள். நியாய விலைக் கடையின் கருவியே சிலரது விரலை அறிந்துகொள்ள மறுப்பதை அன்றாடம் காண்கிறோம். இத்தகையோர் அஞ்சவேண்டா. இயன்ற விரல்களின் ரேகைகளை மட்டும் பதிவதற்கும், உடற்குறையால் பதியவே இயலாதோர்க்கு விலக்களிப்பதற்கும் செங்கன் விதிகளிலேயே இடமுண்டு. அதைச் சுட்டிக்காட்டும் மருத்துவச் சான்று ஒன்றை உடன் கொண்டுசெல்வது நலம். தேய்ந்த ரேகைகள், கைகளுக்குச் சில வாரங்கள் ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீள்வதுண்டு. தீபாவளிக்குப் பிந்திய விடுமுறை இதற்கும் ஏற்றது.

கைகளைப் பற்றி எழுதுகையில் பையைப் பற்றியும் எழுத வேண்டும். விமான நிலையங்களில் ஒரு துணித்துண்டால் பையையும் கைகளையும் துடைத்துக் கருவியில் வைத்துச் சோதிப்பர். வெடிமருந்தின் கண்ணுக்குத் தெரியாத துகளையும் காட்டிக்கொடுக்கும் கருவி அது. ஆலைக்குத் தினமும் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துச் சென்ற பையையே புனித பூமிக்கும் எடுத்துச் சென்றால் என்னாகும் என்று சொல்ல வேண்டுமா? புதிய பை, ஆலையில் உடுத்தாத துணி, புதிய காலணி. இஸ்ரயேல் நாட்டு விமான நிலையத்தில் கேள்விகள் பல கேட்பர். தொழில் என்னவென்று கேட்டால், பட்டாசுத் தொழில் என்றே சொல்லுங்கள். விசாப் படிவத்தில் 'விவசாயி' என்று எழுதிவிடலாம் என ஓர் ஏஜெண்டு அறிவுரை கூறியதை நாம் அறிவோம். கருவி ஒலித்து, தொழிலும் பொய்யென்று தெரிந்தால், பாவம் அந்த ஏழை என்ன செய்வார்? சட்டப்படி உரிமம் பெற்று நடக்கும் தொழிலை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கையொப்பம் கேட்டு வருவோர்

இனி எழுதப்போவதை நம் சக குருக்களும் சேர்ந்து வாசிக்க வேண்டுகிறோம். திருப்பயணக் குழுவில் சேர்வோருக்குப் பங்குத் தந்தையின் கடிதம் கேட்பது வழக்கம். அக்கடிதத்திற்கு எல்லைக்கு அப்பாலும் மதிப்பு உண்டு என்பதனாலேயே அதற்கு விலையும் ஏற்பட்டுவிட்டது. திருப்பயணி விசாவில் சென்று, அங்கேயே மறைந்து வேலைதேட எண்ணுவோர் உளர். 2023 பிப்ரவரியில் கேரளத்திலிருந்து சென்ற ஒரு திருப்பயணக் குழுவினருள் சிலர் இஸ்ரயேலில் காணாமற் போயினர். அதே மாதத்தில் கேரள அரசு வேளாண் பயிற்சிக்கென அனுப்பிய குழுவிலும் ஒருவர் மறைந்தார். 2025 பிப்ரவரியில், வருகை விசாவில் யோர்தான் சென்ற கேரளக் கடற்கரை ஊரார் ஒருவர், இஸ்ரயேலுக்குள் கள்ளவழியில் நுழைய முயன்றபோது யோர்தான் எல்லைப் படையினரின் குண்டுக்கு இரையானார்.

நம்மிடமும் ஓர் இளைஞர் வந்தார். வெடிவிபத்தில் தந்தையை இழந்தவர், இரு தங்கையர். முன்பணக் கடன் வேறு. ஏஜெண்டு ஒருவர் இரண்டு இலட்சம் கேட்டிருக்கிறார். "சாமி ஒரு லெட்டர் மட்டும் கொடுத்தாப் போதும், போனதும் முதியோர் பார்க்கிற வேலை இருக்காம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தம் கருத்தை மறைக்கவும் தெரியாத நல்ல பிள்ளை. வெறுங்கையோடு அவரை அனுப்புவது நமக்கு எளிதாக இல்லை. ஆயினும் கடிதம் தர மறுத்தோம். அவர் மறைந்தால், உடன்சென்ற நாற்பது பேரும் விசாரிக்கப்படுவர். குழுத் தலைவரும் ஏற்பாட்டாளரும் பதில் சொல்ல நேரிடும். அடுத்த ஆண்டு நம் பகுதியிலிருந்து விண்ணப்பிக்கும் ஒரு விதவைத் தாயின் விசாவும் ஐயத்தோடு நோக்கப்படும். அவருக்கோ விசா முடிந்த நாள் முதல் சட்டத்தின் துணை இல்லை. கூலி கொடாவிடினும் முறையிட இடமில்லை. வெளிநாட்டு வேலைக்கு நேர்வழி உண்டு. அரசிடம் பதிவுபெற்ற முகவர்கள் உள்ளனர். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் உள்ளது. இஸ்ரயேலுக்கே கட்டடத் தொழிலாளரை அனுப்ப இரு அரசுகளும் 2023-இல் உடன்பாடு செய்துகொண்டன. பதிவுபெற்ற முகவர் யார் என்பதைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி, அவ்வாறே செய்தோம். அவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்; கடனும் இன்னும் இருக்கிறது.

முன்பின் அறியாதவருக்குக் கடிதம் கொடாதிருப்பதும், அறிந்தவருக்கும் குடும்பப் பதிவேட்டைப் பார்த்தே கொடுப்பதும், கடிதத்தின் படியை ஆலய அலுவலகத்தில் வைத்திருப்பதும் நம் கடமை எனக் கருதுகிறோம். அப்படியே, திருப்பயணத்தில் தாமே திருப்பலி நிறைவேற்ற எண்ணும் குருக்கள், ஆயர் இல்லத்திலிருந்து குருத்துவச் சான்று மடல் பெற்றுச் செல்லத் தவறவேண்டா.

போர் மூண்டால்?

2023 அக்டோபர் 7-ஆம் நாள் போர் மூண்டபோது, மேகாலயா மாநிலத்திலிருந்து சென்றிருந்த 27 திருப்பயணிகள் பெத்லகேமில் சிக்கிக்கொண்டனர். அவர்கள் எல்லை கடந்து எகிப்துக்குள் பாதுகாப்பாகச் சென்று சேர்ந்தனர். 2025 சூனில் இஸ்ரயேலுக்கும் ஈரானுக்கும் போர் நிகழ்ந்து வான்வழி மூடப்பட்ட வேளையிலும், நம் அரசு இந்தியரை யோர்தான், எகிப்து தரைவழியாகவே மீட்டது. அக்கம்பக்கத்து நாடுகள் மூன்றும் ஒரே பயணத் திட்டத்தில் இருப்பது சுற்றிப்பார்க்கும் ஆசைக்காக மட்டும் அன்று. வெளியேறும் வழியாகவும் அது பயன்படக்கூடும். எனவே புறப்படுமுன் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். செல்லும் நாடுகளிலுள்ள இந்தியத் தூதரகங்களின் தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதிச் செபமாலைப் பையில் வையுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று உங்களிடமும், மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும். பேருந்தில் ஏறியதும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கித் தம் பையில் போட்டுக்கொள்ளும் வழிகாட்டிகள் உளர். எல்லையில் கொடுத்து எல்லை கடந்ததும் திரும்பப் பெறுவதே முறை.

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை உண்போர் மருத்துவரின் சீட்டோடு மாத்திரைகளை அவற்றின் அட்டையிலேயே எடுத்துச் செல்க. நம்மூரில் எளிதாகக் கிடைக்கும் வலி மாத்திரைகளுள் டிரமடால், கோடீன் கலந்தவை வளைகுடா நாடுகளில் கடுங்கட்டுப்பாட்டிற்கு உரியவை.

தமிழக அரசு கிறிஸ்தவர்களின் யெருசலேம் புனிதப் பயணத்திற்கு 2011-இல் அறிவித்த உதவித் திட்டத்தைப் பலர் இன்னும் அறியவில்லை. தொடக்கத்தில் ஒருவருக்கு 20,000 ரூபாய் எனவும், பின்னர் உயர்த்தப்பட்டு 550 பேருக்குத் தலா 37,000 ரூபாயும், அருட்சகோதரியர் 50 பேருக்குத் தலா 60,000 ரூபாயும் எனவும் வகுக்கப்பட்டது. பயணத்தை முடித்துத் திரும்பிய பின்னரே தொகை வங்கிக் கணக்கிற்கு வரும். ஆதலால் அதை நம்பிக் கடன் வாங்கிப் புறப்பட வேண்டா. விசாவின் அச்சுப்படி, விமானச் சீட்டு, விமானமேறும்போது கிழித்துத் தரப்படும் துண்டுச் சீட்டு ஆகிய அனைத்தையும் திரும்பி வந்தபின்னும் சேர்த்து வையுங்கள். அவற்றோடு எந்தெந்தச் சான்றுகளை இணைக்க வேண்டும் என்பதை விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேட்டறியலாம்.